தட்டைத் திருப்பிப் போடுங்கள்

அமெரிக்க பங்க் குழுவான பிளாக் ஃப்ளாக்கின் 'மை வார்' இசைத்தட்டில் முதல் பக்கத்தில் ஆறு பாடல்கள், இரண்டாம் பக்கத்தில் மூன்றே மூன்று. மூன்றும் மிக மெதுவானவை; ஒவ்வொன்றும் ஆறு நிமிடங்களைத் தாண்டுகிறது. பங்க் என்றால் சட்டதிட்டங்களை உதறிய, வேகமான, முரட்டு ராக் இசை. 1984-இல் பங்க் ரசிகர்கள் பலரைக் கோபப்படுத்திய பக்கம் அது. எனக்கோ, அந்தக் குழு செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான்.

ஐந்து வாரங்களாக அந்தப் பக்கத்தின் முதல் பாடலான 'நத்திங் லெஃப்ட் இன்சைட்'டை டிரம்ஸில் வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் மிருதங்கம் கற்றபோது, மெதுவான விளம்ப காலத்தில் தாளம் போடச் சொல்லிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார் ஆசிரியர். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கை ஓடத் துடிக்கும். துரிதத்தில் சிறு பிழைகள் கரைந்துபோகும். விளம்பத்தில் ஒன்றையும் ஒளிக்க முடியாது. இந்தப் பாடலுக்கு உட்காரும்போதெல்லாம் அவர் எதிரே இருப்பதுபோல் இருக்கிறது.

பிளாக் ஃப்ளாக் குழுவினர் வேகத்துக்குப் பெயர்போனவர்கள். கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சிலிருந்து 1979-இல் வந்த முதல் தட்டில் நான்கு பாடல்கள். நான்கும் சேர்ந்தே ஐந்து நிமிடங்கள்தான். 1981-இல் 'டேமேஜ்ட்' வந்தது. அதன்பின் யூனிகார்ன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துடன் வழக்கு. தங்கள் சொந்தப் பெயரிலேயே புதிய தட்டு வெளியிட முடியாத நிலை. கிடார் கலைஞர் கிரெக் ஜின்னும் பாஸ் வாசித்த சக் டுகோவ்ஸ்கியும் சில நாட்கள் சிறையில்கூட இருந்தார்கள். வழக்கின் பிடி தளர்ந்தபோது டுகோவ்ஸ்கி குழுவில் இல்லை. ஜின், பாடகர் ஹென்றி ராலின்ஸ், டிரம்ஸ் வாசித்த பில் ஸ்டீவன்சன் என மூன்றே பேர் ஒலிப்பதிவுக்குப் போனார்கள். பாஸையும் ஜின்னே வாசித்து, 'டேல் நிக்சன்' என்ற புனைபெயரை உறையில் போட்டார்.

ஜின்னுக்கு, கனத்த, மந்தமான மெட்டல் இசைக்குப் பெயர்பெற்ற பிளாக் சபாத் குழுவைப் பிடிக்கும். ஸ்டீவன்சனோ டிசென்டென்ட்ஸ் குழுவில் மின்னலாக வாசித்துப் பழகியவர். அவரை ஒத்திகைகளில் ஆமை வேகத்தில் வாசிக்க வைத்தார் ஜின். அந்த உழைப்பு தட்டில் கேட்கிறது. ஒவ்வோர் அடியும் தாமதமாக, முழுப் பாரத்தோடு வந்து இறங்குகிறது. நடுவே கிடக்கும் வெற்றிடத்தில் ராலின்ஸின் குரலுக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. முன்பு அவரது ஆத்திரத்தைப் பாட்டின் வேகம் சுமந்துகொண்டு ஓடியது. இங்கே அவரே சுமக்கிறார். கடைசிப் பாடலான 'ஸ்க்ரீம்' முடியும்போது சொற்கள் தீர்ந்து வெறும் அலறல்தான் மிஞ்சுகிறது.

இது மெட்டல், எங்களுக்குத் துரோகம் என்றார்கள் பங்க் ரசிகர்கள். நீண்ட முடி வளர்த்ததற்குக்கூடத் திட்டினார்கள். வேகமாக வாசிப்பதும் ஒரு சட்டமாகிவிட்டால் பங்க் எதற்கு? வாஷிங்டன் மாநிலத்தின் மாண்டெசானோ என்ற சிற்றூரில் வேகமாக வாசித்துக்கொண்டிருந்த மெல்வின்ஸ் குழு இந்தப் பக்கத்தைச் சரியாகக் கேட்டது; பிறகு தன் இசையையே மந்தமாக்கிக்கொண்டது. நிர்வானா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த தட்டுகளை எழுதிவைத்த பட்டியலிலும் 'மை வார்' இருக்கிறது.

நான் பழகும் 'நத்திங் லெஃப்ட் இன்சைட்'டின் நீளம் ஆறே முக்கால் நிமிடம். முதல் வாரம் இரண்டாம் நிமிடத்திலேயே என் கை முந்திக்கொண்டு ஓடியது. நேற்றிரவு ஐந்தாம் நிமிடம் வரை ஓடவில்லை.