இடது முன்சக்கரத்து நக்கிள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில், என் தாமியா டிடி-01 ரிமோட் கார் ஓரக்கல்லில் மோதி நின்றது. பெரிய சத்தம் இல்லை. சுள்ளி ஒடிவதுபோல ஒரே ஒரு 'டக்'. ஓடிப்போய்த் தூக்கினேன். இடது முன்சக்கரம் கழுத்தொடிந்த கோழிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. நக்கிள் உடைந்துவிட்டது.

நக்கிள் என்பது கட்டைவிரல் அளவே உள்ள பிளாஸ்டிக் துண்டு. வண்டி திரும்பும்போது முன்சக்கரத்தோடு சேர்ந்து திரும்புவது அதுதான். நடுவில் அச்சு நுழையும் துளை, துளையின் இரு முனையிலும் ஒவ்வொரு பேரிங், பக்கவாட்டில் ஸ்டீரிங் கம்பி வந்து பிடிக்கும் சின்னக் கை. அந்தக் கை துளையோடு சேரும் இடத்தில், நகம் பிய்ந்ததுபோல, வெள்ளையாய் வெளிறி முறிந்திருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் முறிவதற்குமுன் இப்படித்தான் வெளுக்கும்.

இந்த வண்டி என்னிடம் வந்தது 2007-இல். ஜோகூருக்கு மாற்றலாகிப் போன அலுவலக நண்பர் ஒருவர், நீல நிற சுபாரு இம்ப்ரெசா மேற்கூட்டோடு, ரிமோட்டோடு, இருநூற்றைம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுத்தார். ஜப்பானில் ஷிசுவோகாவைத் தலைமையிடமாகக் கொண்ட தாமியா நிறுவனம் 2003-இல் வெளியிட்ட சேசிஸ், அதாவது வண்டியின் அடிப்பாகம், இது. உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு. முன்பின் சக்கரங்களுக்கு இடையே 257 மி.மீ. தொட்டிபோன்ற அடித்தளத்தின் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் மோட்டார், நடுவில் முன்னையும் பின்னையும் இணைக்கும் நீளத் தண்டு. நான்கு சக்கரங்களும் இழுக்கும். இதைவிட எளிமையாக ஒரு டூரிங் காரைக் கட்ட முடியாது என்பது என் கருத்து. ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டிவிடலாம்.

ஆனால் 2013-இல் இதற்கு அடுத்த சேசிஸான டிடி-02 வந்துவிட்டது. அதன்பிறகு கடைகளின் கொக்கிகளில் தொங்கும் பொட்டலங்கள் மெல்ல மெல்ல மாறின. முன்பெல்லாம் எந்த பொம்மைக் கார்க் கடைக்குப் போனாலும் கிடைத்த பாகங்களை இப்போது தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நக்கிளைத் தனியாக விற்க மாட்டார்கள். சன்னல் சட்டம்போன்ற ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பத்துப் பதினைந்து துண்டுகள் காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தின் தலையில் ஓர் எழுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். தேவைப்படுவது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் முழுச் சட்டத்தையும் வாங்க வேண்டும். இந்தக் கார்கள் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் யாராவது "சட்டம் கிடைத்தது" என்று சொன்னால் மற்றவர்கள் முகம் மலர்வதற்குக் காரணம் இதுதான்.

"அலுமினியத்தில் போட்டுவிடு, ஆயுசுக்கும் உடையாது" என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் ஒருமுறை கேட்டுச் செய்தேன். ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு ஜோடி. கையில் வைத்துப் பார்க்கவே ஆசையாக இருக்கும். மூன்றாவது வாரம் அதே ஓரக்கல், அதே இடது பக்கம். நக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பதிலாகச் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை சேசிஸோடு சேரும் இடம் பிளந்துவிட்டது. தொட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு திருகு விடாமல் எல்லாவற்றையும் கழற்றி வேறு தொட்டிக்கு மாற்றினேன்.

அப்பா அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செந்தூல் இரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "பெரிய இயந்திரத்தில் ஒரு சின்ன ஆணிப் பின்னை வேண்டுமென்றே மெலிதாக வைப்பார்கள், ஐயா. ஏதாவது சிக்கினால் அந்தப் பின் ஒடியும், கியர் பெட்டி தப்பிக்கும். நீ அந்தப் பின்னை இரும்பாக்கி வைத்திருக்கிறாய்" என்றார். அதன்பிறகு என் வண்டியில் நக்கிள் பிளாஸ்டிக்தான். இந்த விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் நான் மாறுவதாக இல்லை.

சரி, இந்தத் தடவைக்கு வருகிறேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் சொல்லிவைத்தேன். இணையம்வழி வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஐந்நூறு வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 சனவரி முதல் பத்து விழுக்காடு வரி உண்டு. அதையும் அஞ்சல் செலவையும் சேர்த்தால் சட்டத்தின் விலையே ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் காத்திருந்து பொட்டலத்தைப் பிரித்தால் வேறு சேசிஸின் சட்டம். எண்ணைப் பார்த்து அனுப்ப வேண்டிய வேலையை ஒருவர் பார்க்காமல் செய்ததால் எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான்காவது ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெட்டாலிங் ஜெயா போனேன். செந்தூல் தீமோரில் ரயில் ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, தாமான் ஜெயாவில் இறங்கினால் பக்கத்திலேயே ஆம்கார்ப் மால். வார இறுதியில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும். பழைய நாணயம், இசைத்தட்டு, கடிகாரம், டின் பொம்மை என்று மேசை மேசையாக விரித்திருப்பார்கள். ஒரு மூலையில் பெரியவர் ஒருவர், மூடிப்போன தன் கடையின் மிச்சச் சரக்கை அட்டைப்பெட்டியில் கொட்டி வைத்திருந்தார். நான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலமாகப் புரட்டினேன். பெட்டியின் அடியில், ஈரம்பட்டு மஞ்சளித்த தலைப்பட்டையோடு, பிரிக்காத சட்டம் ஒன்று. டிடி-01 என்று அச்சிட்டிருந்தது. பதினெட்டு வெள்ளி. பேரம் பேசவே இல்லை. பேசினால் அவர் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "துண்டை முறுக்கிப் பிய்க்காதே. காம்பைத் தள்ளி வெட்டு, பிறகு அரத்தால் தேய்" என்றார். நாற்பது வயது மகனுக்கு இதையும் சொல்ல வேண்டுமா என்று நினைக்கவில்லை. சொன்னதற்கு மகிழ்ந்தேன்.

நக்கிள் கிடைத்தது, ஆனால் பழையதிலிருந்து கழற்றிய பேரிங் இரண்டும் மணல் அரைப்பதுபோலச் சுற்றின. இதற்குத் தாமியா பொட்டலம் தேடி அலையத் தேவையில்லை. தாமியா சொல்லும் 1150 என்ற எண்ணிலேயே அளவு இருக்கிறது: வெளிவட்டம் 11 மி.மீ., உள்துளை 5 மி.மீ. அப்பா தன் பழைய வெர்னியரை எடுத்துத் தடிமனையும் அளந்தார். 4 மி.மீ. மறுநாள் ஜாலான் ஈப்போவில், லாரிக்கும் பம்புக்கும் பேரிங் விற்கும் கடைக்குப் போனோம். தவுக்கே, அதாவது கடை முதலாளி, பழைய பேரிங்கை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை உருட்டினார், ஒரு தாளில் எம்.ஆர். 115 என்று எழுதிக்காட்டினார். இரும்பு மூடி போட்டதா, ரப்பர் மூடி போட்டதா என்று கேட்டார். நாங்கள் ஓட்டுவது மணலும் புழுதியும் கிடக்கும் நிறுத்துமிடம். ரப்பர் மூடியே நல்லது என்றேன். ஒன்றுக்கு மூன்று வெள்ளி. நான்கு வாங்கிக்கொண்டோம். இந்த ஒரு தகவலாவது யாருக்காவது உதவும் என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பூட்டும் வேலையை அப்பாவிடம் விட்டேன். அவருடைய பெட்டியில் ஜப்பானியத் திருப்புளிகள் இருக்கின்றன. பட்டறையில் ஹிட்டாச்சி டீசல் இன்ஜின்களில் வேலை செய்த காலத்தில் சேர்த்தவை. ஜப்பானியத் திருகின் கூட்டல்குறி நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் கூட்டல்குறி அல்ல. சாதாரணத்தைப் போட்டு அழுத்தினால் அது மேலேறி வழுக்கி, திருகின் தலையை மழித்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் இது தெரியாமல் எத்தனையோ திருகுகளைப் பாழாக்கினேன்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை அப்பா பூட்டும் விதம் வேறு. துளையில் வைத்ததும் முறுக்க மாட்டார். முதலில் இடப்பக்கமாக, கழற்றுவதுபோல, மெல்லத் திருப்புவார். விரல்நுனியில் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் துள்ளல். திருகு தன் பழைய தடத்தில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகுதான் வலப்பக்கம். அப்படிச் செய்தால் துளையில் புதுத் தடம் வெட்டாது, நூறு தடவை கழற்றிப் பூட்டினாலும் பிடிப்பு இருக்கும். அவர் கண் இப்போது அவ்வளவு தெளிவில்லை. நான் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். அவர் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை, தலையைச் சாய்த்து விரலால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி இப்போது ஓடுகிறது. கூட்டின் முன் மூலை மட்டும் சாயம் உதிர்ந்திருக்கிறது. பாலிகார்பனேட் கூடு என்பதால் உட்பக்கமாகத்தான் சாயம் அடிக்க வேண்டும். அதற்குரிய தாமியாவின் பி.எஸ். வரிசைத் தெளிப்பு டப்பாவே வேண்டும், வேறு சாயம் உரிந்துவிடும். பி.எஸ்.-16 உலோக நீலம் தேடுகிறேன். அழுத்தத்தில் வாயு அடைத்த டப்பா என்பதால் விமானத் தபாலில் வராது, உள்ளூரில்தான் பார்க்க வேண்டும்.

நக்கிளை வெட்டி எடுத்தபின் சட்டத்தில் மீந்தவற்றை, எப்போதும்போல, தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின்னில் எண் வாரியாகச் சின்னப் பைகளில் போட்டு வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை அதில் இருக்கின்றன. போன வாரம் பத்துமலையிலிருந்து வந்த ஒரு பையன், தன் மாமா கொடுத்த டிடி-01-ஐத் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு வேண்டிய துண்டு இரண்டாவது பையிலேயே இருந்தது. கோலாலம்பூர்ப் பக்கம் யாரிடமாவது இந்த வண்டி பாகமில்லாமல் அலமாரிமேல் கிடந்தால், துண்டின் எழுத்தையும் எண்ணையும் சொல்லுங்கள், டின்னில் பார்க்கிறேன். எனக்கு 61 பல் ஸ்பர் கியர், அதாவது மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தோடு சேரும் பெரிய பல்சக்கரம், ஒன்று வேண்டும்.