எந்த புஷ் போடலாம்?
சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை போன்ற ஆர்ம், வண்டியில் மாட்டும் இடத்தில் இருக்கும் மெத்தை போன்ற உருளைதான் சஸ்பென்ஷன் புஷ். அதை மாற்றணும் என்றதும் பலர் கண்ணை மூடிக்கொண்டு ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (ரப்பர் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்) வாங்குகிறார்கள். தினமும் ஓட்டும் காருக்கு நான் ரப்பர் பக்கம்தான், சத்தம் வராது, கிரீஸும் வேண்டாம். ஆனால் ரப்பர், நடுவில் போல்ட் நுழையும் உலோகக் குழாயோடு ஒட்டியே இருக்கும், ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் எந்நேரமும் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்கணும்.

பாலியூரித்தேன் புஷ் ஒட்டாமல் அந்தக் குழாயின் மேல் சுழலும், சிலிக்கான் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். பல திசையில் வளைய வேண்டிய டிரெய்லிங் ஆர்மில் (வண்டியில் மாட்டிய இடத்திலிருந்து பின்னோக்கிச் சக்கரம் வரை நீளும் ஆர்ம்) இறுகிப் பிடிக்கும், அங்கே வேண்டாம். ரேஸ் டிராக்குக்கும் போகிற வண்டியா? முன்சக்கரத்தின் கீழ்ப்பக்க (லோயர்) ஆர்மில் மட்டும் ஷோர் ஏ 80 கடினத்தில் (ஷோர் ஏ என்பது ரப்பர் போன்ற பொருள்களின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) பாலியூரித்தேன் போட்டுப் பாருங்கள், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்குத் தள்ளப்படுவது குறையும். புஷ்ஷுக்குப் பதில் ஸ்பெரிக்கல் பேரிங்கா (உலோக உருண்டை மூட்டு)? டிராக்கில் மட்டும் ஓடும் காருக்குச் சரி, சாலையில் தூசி புகுந்து லொடலொடவென்று ஆட ஆரம்பித்துவிடும்.