ஆறு குஞ்சம், பத்துக் குஞ்சம்

நான் டிசைன் வேலை பார்ப்பவன். புதிதாக நியமிக்கப்பட்ட கத்தோலிக்க ஆயர் (பிஷப்) ஒருவரின் திருநிலைப்பாட்டு, அதாவது பதவியேற்புச் சடங்கு, அழைப்பிதழ் என் கைக்கு வந்தபோது, அதில் போட வேண்டிய அவருடைய பதவிச் சின்னம் வரைவதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். இணையத்தில் கிடைத்த இன்னொருவருடைய சின்னத்தை இறக்கி, நடுவிலிருந்த கேடயத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன்.

மாதிரி அச்சைப் பார்க்க வந்த வயதான ஃபாதர், சின்னத்தில் கேடயத்துக்கு மேலே இருந்த தொப்பியின் இருபுறமும் தொங்கும் குஞ்சங்களைப் பேனா மூடியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, ரோம்ல அவரை ஆயராத்தான் போட்டாங்க. நீங்க பேராயர் ஆக்கிட்டீங்களே" என்று சிரித்தார்.

அந்த அகன்ற விளிம்புத் தொப்பிக்குப் பெயர் கலேரோ. அதன் நிறமும் குஞ்சக் கணக்கும்தான் பதவியைச் சொல்லும். ஆயருக்குப் பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு 6 குஞ்சம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இறங்கும். பேராயருக்கு இன்னொரு வரிசை கூடி 10. பேராயருக்கும் மேலான கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பி, பக்கத்துக்கு 15. கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் சிலுவையிலும் ஆயருக்குக் குறுக்குக் கட்டை ஒன்று, பேராயருக்கு இரண்டு. நான் இறக்கியதில் எல்லாமே பேராயர் கணக்கு.

திருத்த உட்கார்ந்தவன் சும்மா இருக்கவில்லை. ஆயர்கள் உச்சந்தலையில் வைக்கும் சின்னத் தொப்பி ஊதாதானே, இது மட்டும் எதற்குப் பச்சை என்று முழுவதையும் ஊதாவாக்கினேன். ஊதாத் தொப்பியும் 6 ஊதாக் குஞ்சமும் மொன்சிஞ்ஞோர் பட்டம் பெற்ற குருக்களில் ஒரு பிரிவுக்கு உரியவையாம். முதல் தடவை பதவி உயர்வு, அடுத்த தடவை பதவி இறக்கம். இந்த முறை ஃபாதர் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தத் தொப்பியை இன்று யாரும் போடுவதில்லை. கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியைக் கொடுத்தவர் திருத்தந்தை (போப்) நான்காம் இன்னொசென்ட்; 1245இல், பிரான்சின் லியோன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில். 1969இல், திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், அது தலையிலிருந்து இறங்கிச் சின்னத்தில் மட்டும் தங்கிவிட்டது. ஆயர் சின்னத்தில் செங்கோலும், மைட்டர் என்கிற உயரமான சடங்குத் தொப்பியும் வேண்டாம் என்று சொன்னதும் அப்போதுதான். நான் செங்கோலையும் வரைந்து வைத்திருந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கேடயம்தான் ஆளைச் சொல்லும் இடம். எனக்கு வந்த பட்டியலில் புறா, விளக்கு, திறந்த விவிலியம், நெற்கதிர் என்று ஒன்பது பொருள்கள். விசிட்டிங் கார்டில் அச்சடித்தால் ஒன்பதும் ஒன்பது புள்ளி. திருத்தந்தை பிரான்சிஸின் சின்னத்திலேயே இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைக் குறிக்கும் நளதம் என்ற நறுமணச் செடியின் பூங்கொத்தை நான் வெகுநாள் திராட்சைக் குலை என்று நம்பியிருந்தேன். எனக்குப் பிடித்தது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் கேடயம். நீலப் பின்னணி, தங்கச் சிலுவை, 'எம்' என்று ஓர் எழுத்து. அவ்வளவுதான். சிலுவை நடுவில் நிற்காமல் நமக்கு இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஒதுங்கியதால் கிடைத்த இடத்தில், சிலுவையடியில், மரியா. அதைக் காட்டித்தான் ஒன்பதை மூன்றாக்கினோம்.

கடைசியில் ரப்பர் ஸ்டாம்பு. ஒற்றை நிறத்தில் நீலத்தை எப்படிக் காட்டுவது? அதற்கும் வழி இருக்கிறது. படுக்கைக் கோடு என்றால் நீலம், நெட்டுக் கோடு சிவப்பு, சாய்கோடு பச்சை, புள்ளி தங்கம், வெறுமையாக விட்டால் வெள்ளி. 17ஆம் நூற்றாண்டில் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைக் குரு தம் நூலில் பயன்படுத்திப் பரவிய முறை. தொப்பிக்குச் சாய்கோடு போட்டு அனுப்பினேன். ஃபாதர் மறுபடியும் பேனா மூடியை எடுத்தார். ஆறு. அந்தப் பக்கமும் ஆறு.

பழைய ஃபைல் இன்னும் என் கணினியில் இருக்கிறது. பெயர் 'பிஷப் ஃபைனல்'. உள்ளே இருபது குஞ்சம்.