அத்திமரத்தடி விருந்தாளி

விடிகாலை ஐந்தரை. காபியோடு கொல்லைக் கதவைத் திறந்தால், அத்திமரத்தடியில் கயோட்டி ஒன்று; ஓநாய்க்குச் சொந்தமான அமெரிக்கக் காட்டு விலங்கு.

ஓடவில்லை. விழுந்த பழத்தை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. மூக்கு நுனியில் ஒட்டிய அத்தி விதைகள்.

கைகளை உயர்த்தி, "ஏய், போ!" என்று கத்தினேன். தமிழ் புரிந்ததோ என்னவோ, ஆறடி வேலியில் காலை ஊன்றி ஒரே தாவு.

நாய்க்குட்டிக்காகப் போட்ட வேலி அது. மேலே உருளும் குழாய் மாட்டினால் பிடி கிடைக்காதாம். சரி, மாட்டலாம். ஆனால் இலை போட்டதே நான்தானே? பொறுக்காத பழம், ராத்திரி வெளியே விட்ட நாய்ச்சோறு, பறவைத் தீனிக்கு வரும் எலி.

இதைப் பிடித்துப்போனாலும், காலி இடத்துக்கு இன்னொன்று வரும். லாஸ் ஏஞ்சலிஸில் அவற்றுக்கா பஞ்சம்?

வாளியோடு பழம் பொறுக்கினேன். பாதி தின்றதில் பல் தடம்.

நல்ல பழமாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறது.