ஈர்க்குச்சி அளவு

ரெண்டு பெஞ்சுக்கு நடுவுல பேப்பர் பாலம். இந்தப் பக்கம் ஒரு டீம், அந்தப் பக்கம் ஒரு டீம், நடுவுல கொண்டுவந்து சேர்த்தா ஒண்ணு மேல நிக்குது ஒண்ணு கீழ நிக்குது.

இன்னிக்கு எங்க ஊர் அரசுப் பள்ளியில, வானவில் மன்ற வகுப்புல பாத்தது. அறிவியலையும் கணக்கையும் கையால செஞ்சு பாத்துக் கத்துக்கற தமிழ்நாடு அரசுத் திட்டம் அது. எல்லாம் ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க.

"நாலு சாண்னுதானடி சொன்ன?"
"நானும் நாலு சாண்தான் வச்சேன்!"

ரெண்டு பேரும் கைய விரிச்சு பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாங்க. ஒருத்தி சாண் ஒரு விரக்கடை கூட. அவ்ளோதான், சண்டை அப்டியே நின்னுபோச்சு.

யாரும் டீச்சர்ட்ட போகல. ஒரு பொண்ணு விளக்கமாத்துலருந்து ஈர்க்குச்சி உருவி, ஒரே நீளத்துக்கு ரெண்டா உடச்சு, ஆளுக்கு ஒண்ணு குடுத்தா. "இனிமே இதான் அளவு."

1999ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்ங்கற விண்கலம் செவ்வாய் வரைக்கும் போயி தொலஞ்சதுக்கும் இதான் காரணம், ஒரு டீம் பவுண்டு கணக்குல குடுத்தத இன்னொரு டீம் நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. அவ்ளோ பெரிய இஞ்சினியர்ங்க, பேசிக்க வேண்டியத பேசிக்கல.

"குழுவா வேல பாக்கணும்"னு போர்டுல எழுதிப்போட்டா இதெல்லாம் வராதுங்க. கைல ஒரு பொருள் இருக்கணும், அது சேராம அடம்பிடிக்கணும், அப்பதான் அடுத்தவ என்ன சொல்றான்னு காது கேக்கும்.

வானவில் மன்றம் 2022ல ஆறுலருந்து எட்டு வரைக்கும்னு ஆரம்பிச்சது. ஒம்பது, பத்துக்கும் வாரத்துல ஒரு பீரியடாவது இப்டி விடுங்க, பப்ளிக் எக்ஸாம்னு சொல்லி அதையும் புடுங்கிடாதீங்க.