ஊர்ப் பெயர் அமெரிக்கக் காகிதத்தில்தான் கிடைக்கும்

அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போய், அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் நிலம் பிடித்துக் குடியேறிய ஒருவரின் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெயரும் உத்தேசமான பிறந்த ஆண்டும் கையில் கிடைத்ததும் அயர்லாந்துப் பதிவேடுகளுக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கே அதே வயதில் பேட்ரிக் மர்ஃபிகள் கூட்டமாக நிற்பார்கள். அதில் ஒருவரைப் பிடித்து வம்ச வரைபடத்தில் சேர்த்துவிட்டால், அதற்கு மேல் எழுதுவதெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய குடும்பம்.

அயர்லாந்தில் தேட, கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பெயர் மட்டும் போதாது. டவுன்லேண்ட் வேண்டும். அதுதான் அங்கே நிலத்தின் மிகச் சிறிய பிரிவு; நாடு முழுவதும் 60,000க்கு மேல் இருக்கின்றன. குறைந்தபட்சம் பாரிஷாவது, அதாவது தேவாலயப் பங்காவது தெரிய வேண்டும். இந்தக் கட்டாயத்துக்குக் காரணம் உண்டு. 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கில் சில துண்டுகளே மிஞ்சின. 1861, 1871 கணக்குகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கு 1901ஆம் ஆண்டினுடையது. அதற்குள் நம் ஆள் நெப்ராஸ்காவில் பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

ஆகவே அமெரிக்கப் பக்கத்தை முதலில் ஒட்டச் சுரண்ட வேண்டும். 1850க்கு முந்தைய அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1880இல் பெற்றோர் பிறந்த நாடும், 1900இல் குடியேறிய ஆண்டும் பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கின்றன. 1890ஆம் ஆண்டுக் கணக்கு 1921 தீ விபத்தோடு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. வயதை அப்படியே நம்பாதீர்கள். பத்தாண்டு இடைவெளியில் ஏழு வயது மட்டும் கூடியவர்கள் நிறைய. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கும் காகிதக் கட்டு, ஹோம்ஸ்டெட் கோப்பு; அதாவது அரசு நிலத்தில் குடியேறி அதைச் சொந்தமாக்கக் கேட்டவரின் கோப்பு. 1862 மே 20ஆம் தேதிச் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலம் கேட்க முடிந்தது; ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்டால் சொந்தம். அவசரக்காரர்கள் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டியும் வாங்க முடிந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் விண்ணப்பிக்கக் குடியுரிமை கோரும் அறிவிப்பாவது தாக்கல் செய்திருக்க வேண்டும். பட்டா வாங்க முழுக் குடிமகனாகியிருக்க வேண்டும். அந்தச் சான்றின் நகல் கோப்பிலேயே இருக்கும். இதன் அருமை புரிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1906 செப்டம்பருக்கு முன் எந்தப் பதிவு நீதிமன்றத்திலும் குடியுரிமை பெறலாம். ஓஹையோவா, இல்லினாயா என்று ஒவ்வொரு நீதிமன்றமாகத் தேடித் தீராது. கோப்பைத் திறந்தால் நீதிமன்றத்தின் பெயரும் தேதியும் கிடைத்துவிடும். மேற்கே வருமுன் அவர் எங்கே தங்கினார் என்பதும் சேர்த்தே தெரியும்.

கோப்பின் இறுதிச் சாட்சியத் தாள்களைப் பொறுமையாகப் படியுங்கள். வீடு எப்போது கட்டினார், எத்தனை அடிக்கு எத்தனை அடி, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார், நிலத்தை விட்டு எவ்வளவு நாள் வெளியே இருந்தார் என்று கேள்வி கேள்வியாகப் போகும். கடைசியில் இரண்டு அக்கம்பக்கத்தார் கையெழுத்து, அல்லது கைநாட்டுக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அந்த இரண்டு பெயர்களை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை வரவழைக்க மாநிலம், நில அலுவலகம், இறுதிச் சான்றிதழ் எண், செக்‌ஷன்–டவுன்ஷிப்–ரேஞ்ச் என்ற நில அளவை விவரம் வேண்டும். பட்டா பெற்றவர்களின் விவரம் நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசம். அங்கே பெயர் இல்லையென்றால் அவர் நிலமே கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதியில் கைவிட்டவர்கள் ஏராளம். அவர்கள் பெயர், நிலவாரியாக விண்ணப்பங்களைக் குறித்த டிராக்ட் புத்தகங்களில் இருக்கும்; ரத்தான விண்ணப்பங்களுக்கும் கோப்பு உண்டு.

சாட்சிகள் ஏன் முக்கியம்? ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் வந்தார்கள். மோன்டானாவின் பியூட் சுரங்க நகரில் சல்லிவன், ஹாரிங்டன் பெயர்கள் குவிந்திருப்பதற்கு, கார்க் கவுன்ட்டியின் ஆலிஹீஸ் செம்புச் சுரங்கத்திலிருந்து வந்தவர்களே பெரிய காரணம். உங்கள் ஆளின் காகிதத்தில் ஊர் இல்லாவிட்டாலும், சாட்சியின் கல்லறைக் கல்லிலோ, மனைவியின் தம்பி இறந்தபோது வந்த பத்திரிகைச் செய்தியிலோ இருக்கலாம். நியூயார்க்கில் தங்கிவிட்ட சகோதரி எமிகிரன்ட் சேவிங்ஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்தால், கணக்குக்காரரை அடையாளம் காண வைத்திருந்த அதன் சோதனைப் பதிவேட்டில் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் இருக்க வாய்ப்பு அதிகம். பாஸ்டன் பைலட் இதழில் 1831 முதல் 1921 வரை வந்த ‘காணாமல் போன நண்பர்கள்’ என்ற, உறவினரைத் தேடும் விளம்பரங்களையும் பாருங்கள்.

கிடைக்கும் ஊர்ப் பெயர் பெரும்பாலும் சிதைந்திருக்கும். ஐரிஷ் உச்சரிப்பை அமெரிக்க எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படியுங்கள். ‘பாலி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் ஊர், ‘நாக்’ என்றால் குன்று, ‘கில்’ என்றால் தேவாலயம் அல்லது காடு. ஆள் பெயரிலும் கவனம் தேவை. பிரிட்ஜெட்டே டீலியா, ஹொனோரா என்பவளே நோரா, ஹன்னா. லத்தீனில் எழுதிய ஞானஸ்நானப் பதிவில் ஜேம்ஸ் ‘ஜகோபஸ்’ ஆகியிருப்பார்.

இதற்குப் பிறகுதான் அயர்லாந்து. 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீட்டில் (வரிக்காக நிலம், வீடுகளை மதிப்பிட்ட பட்டியல்) அந்த டவுன்லேண்டில் அதே குடும்பப் பெயர் இருக்கிறதா பாருங்கள். அதில் நிலமோ வீடோ வைத்திருந்தவர் பெயர் மட்டும்தான் வரும். பிள்ளைகள், கூடத் தங்கியிருந்தவர்கள் வர மாட்டார்கள். பின் கத்தோலிக்கப் பாரிஷ் பதிவேடுகள். இவற்றைத் தேசிய நூலகம் 2015இல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. தாயின் கன்னிப்பருவக் குடும்பப் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் உங்கள் அமெரிக்கக் குறிப்புகளோடு ஒத்துப்போக வேண்டும். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் துப்பு தரும், சான்றாகாது.

பொருந்தும் ஆள் கிடைத்ததும் அவர் அயர்லாந்திலேயே இருந்துவிடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். 1864 முதல் எல்லாப் பிறப்பு, திருமணம், இறப்பும் அங்கே பதிவாகின்றன. அவர் பெயரில் அதே இடத்தில் 1870இல் ஒரு திருமணம் இருந்தால், அதே ஆண்டு நெப்ராஸ்காக் கணக்கில் இருப்பவர் வேறு ஆள். மதிப்பீட்டின் திருத்தப் புத்தகங்களையும் விடாதீர்கள். நிலம் கைமாறும்போது பழைய பெயரை வண்ண மையால் அடித்து, பக்கத்தில் ஆண்டைக் குறித்திருப்பார்கள். தந்தை பெயர் அடிபட்டு, இளைய தம்பி பெயர் அதே வரியில் ஏறியிருந்தால், அந்தத் தம்பியின் வாரிசுகள் இன்றும் அந்த நிலத்தில் இருக்கக்கூடும்.