கம்பி கண்ணுக்குத் தெரியாத நேரம்

"மாமா, அவரோட தோளை மட்டும் பாருங்க"ன்னு அக்கா பையன் போனை நீட்டினான்.

பாரிஸ் ஒலிம்பிக், 2024. ஸ்கேட்போர்டிங், அதாவது சக்கரப் பலகை விளையாட்டு. அதுல தெருவுல இருக்கிற மாதிரி படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி எல்லாம் வச்சு ஆடற ஸ்ட்ரீட் பிரிவோட இறுதிச்சுற்று. ஜப்பானின் யூட்டோ ஹோரிகோமே, கடைசி முயற்சி. ஏற்கெனவே பார்த்ததுதான். ஆனா பையன் வேகத்தைக் குறைச்சுப் போட்டான்.

அந்த வித்தைக்குப் பேர் நாலி 270 ப்ளன்ட்ஸ்லைடு. முன்காலால பலகையோட மூக்கைத் தட்டி எழும்பணும். காத்துலயே முக்கால் சுத்து. பலகையின் வால் கம்பியைத் தாண்டி, பின்சக்கரம் கம்பி மேல ஏறி, அப்படியே சறுக்கணும்; இந்தச் சறுக்கல்தான் ப்ளன்ட்ஸ்லைடு.

சுத்தும்போது ஒரு கட்டத்துல கம்பி கண்ணுல படாது. தோள் முதல்ல திரும்புது, இடுப்பு பின்னால வருது, கால் கடைசி. உடம்பு கணக்குப் போட்டு இறங்குது.

அதுக்கு முந்தின மூணு முயற்சியும் தவறியிருந்தது. கிடைச்ச மதிப்பெண் 97.08. முன்னாடி எடுத்ததையும் சேர்த்து மொத்தம் 281.14, தங்கம். வெள்ளி வாங்கின அமெரிக்காவின் ஜாகர் ஈட்டனுக்கு 281.04.

நமக்குத் தெரியறது அந்த 0.10 தான். இந்த வித்தையைக் கத்துக்கிறவங்க ஆரம்பிக்கிறது முழங்கால் உயரம்கூட இல்லாத கம்பியில. முதல்ல சுத்தாம ப்ளன்ட்ஸ்லைடு மட்டும். அதோட, சரியில்லைன்னு பட்டதும் பலகையை உதைச்சுத் தள்ளிட்டு ஓடி இறங்கறது. என்னைக் கேட்டா, கஷ்டமான பாடமே அதுதான். கம்பி மேல குறுக்கே விழுந்தவங்களைக் கேளுங்க, சொல்வாங்க.

கம்பி வழுக்க மெழுகு தேய்க்கணுமாம்.

கரண்ட் போனா ஏத்த வச்சிருந்த மெழுகுவர்த்தியைக் காணோம்னு அக்கா இப்ப வீடு பூரா தேடுறா. நான் வாயைத் திறக்கல.